பத்லி விஞ்ஞானிகள்

மும்பையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களுக்குப் 'பத்லி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பரேலிலும் லால்பாகிலும் ஆலைகள் ஓடிய நாளில், சங்கு ஊதுவதற்கு முன்பே வாயிலில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவராவது அன்று வராமற்போனால் அவருடைய தறியில் பத்லிக்கு வேலை. எல்லாரும் வந்துவிட்டால் தூக்குச்சட்டியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இப்படியே ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. 1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதிய உயர்வோடு பத்லிகளை நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் அவர்கள் எழுப்பிய கோரிக்கை.

ஆலைகள் போய்விட்டன, அந்த மண்ணில் அடுக்குமாடிகளும் கடைவளாகங்களும் எழுந்துவிட்டன. பத்லி போனானா என்றால், இல்லை என்கிறோம். அவன் இப்போது முனைவர் பட்டம் பெற்று, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நாட்டின் பெரும் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் நிற்கிறான். பல ஆய்வுக்கூடங்களில் நிற்கிறாள் என்றே எழுத வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் வேதியியல் படித்து முனைவர் பட்டம் வரை போவது இன்று அரிய செய்தியன்று. தாராவியில் தோல் பதனிட்டவரின் பேரன், செம்பூரில் இட்லிக்கடை வைத்தவரின் மகள் என்று அந்த வரிசை நீள வேண்டும் என்பதுதான் நம் விருப்பமும். பட்டம் வாங்கிய அடுத்த வாரம் 'போஸ்ட்-டாக்' என்கிறார்கள், 'ஆராய்ச்சி இணையர்' என்கிறார்கள். பெற்றோருக்குப் புரிவதில்லை. இது வேலையா, மேற்படிப்பா? மகிழ்வதா, இன்னும் காத்திருப்பதா? இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல ஆட்சியாளர்களுக்கே மனமில்லை என்பதால்தான் இதை அரசியல் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறோம்.

விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வரும். மீமூலக்கூறு வேதியியலில் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு ஆராய்ச்சி இணையர் ஒருவர் தேவை, முனைவர் பட்டமும் நல்ல ஆய்விதழ்களில் கட்டுரைகளும் வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள். பணி ஓராண்டுக்கு, வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிக்கப்படலாம். திட்டம் முடியும்போது பணியும் முடியும். நிரந்தர வேலை கேட்க உரிமை கிடையாது. நேர்காணலுக்கு வரப் பயணப்படி தரப்படமாட்டாது. பத்லிக்காவது விரட்டப்படும் செய்தி காலையில்தான் தெரியும். இவர்களுக்கோ அழைப்பிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். துறையின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பொருள் கடினமன்று. மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டி வைத்திருப்பது வலுவான பிணைப்பு. அப்படிக் கட்டி முடித்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்லப் பற்றிக்கொள்வதும், அடையாளம் கண்டுகொள்வதும், வேண்டியபோது விட்டுவிடுவதும் வேறு வகை உறவு. அதைப் படிப்பதே மீமூலக்கூறு வேதியியல். நம் உடம்பில் மரபுப் பொருளின் இரண்டு இழைகள் சேர்ந்திருப்பது இத்தகைய மெல்லிய பற்றுதலால்தான். ஆய்வுக்கூடத்தில் செய்யும் மூலக்கூறுகளிலும் அதைக் கொண்டுவர முடிந்தபோது இத்துறை பிறந்தது.

வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எவரும் எண்ண வேண்டாம். அறுவை மருத்துவத்தில் தசையைத் தளர்த்த ரோக்குரோனியம் என்ற மருந்து தருகிறார்கள். அறுவை முடிந்ததும் நோயாளி தானே மூச்சுவிட அதன் வேலை நிற்க வேண்டும். சுகமாடெக்ஸ் என்ற மாற்று மருந்து இரத்தத்திலேயே ரோக்குரோனியத்தைத் தன் குழிக்குள் அடைத்துச் செயலறச் செய்கிறது. மாவுப்பொருளிலிருந்து பெறும் வளைய மூலக்கூறு ஒன்றைத் திருத்திச் செய்தது அது. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி பெற்றது. நம் பக்கத்திலேயே, டிராம்பேயில், அணு உலைக் கழிவிலிருந்து சீசியம்-137ஐப் பொறுக்கியெடுக்கக் காலிக்ஸ்-கிரவுன் என்ற வளைய மூலக்கூறைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சீசியத்தைக் கண்ணாடியில் உருக்கிச் சேர்த்து, இரத்த வங்கிகளின் கதிர்வீச்சுக் கருவிகளுக்குப் பென்சில்களாகத் தருகிறார்கள். அணுக்கழிவு நோயாளிக்கு உதவும் பொருளாகிறது. இதற்கெல்லாம் ஆதாரம் எந்த மூலக்கூறு எதைப் பிடிக்கும், எதை விடும் என்று ஆண்டுக்கணக்கில் குடுவையும் கையுமாக நின்ற மனிதர்களின் பொறுமை.

இத்துறையைத் தொடங்கி வைத்தவரின் கதையை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சார்லஸ் பெடர்சன் 1904இல் கொரியாவின் புசானில் பிறந்தவர். தந்தை நார்வேக்காரர், தாய் ஜப்பானியர். படிக்க அமெரிக்கா போனார். முதுகலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு 1927இல் டூப்பான் நிறுவனத்தில் சேர்ந்து 42 ஆண்டு அங்கேயே வேலை பார்த்தார். முனைவர் பட்டம் வாங்கவே இல்லை. 1960களின் தொடக்கத்தில் வேறு ஏதோ ஒரு சேர்மத்தைச் செய்யப் போனபோது, வேண்டாத துணைப்பொருளாக வெள்ளைப் படிகம் கொஞ்சம் கிடைத்தது. விளைச்சல் 0.4 விழுக்காடு. இருநூற்றைம்பது பங்கில் ஒரு பங்கு! வழித்துக் கொட்டியிருந்தால் கேட்பார் இல்லை. அவர் கொட்டவில்லை. இது என்ன என்று பார்த்தார். பன்னிரண்டு கரிமங்களும் ஆறு ஆக்சிஜன்களும் கொண்ட வளையம் அது. பொட்டாசிய அயனியை நடுவில் மோதிரக் கல்லைப் போலப் பிடித்துக்கொண்டது. கிரவுன் ஈத்தர் என்று பெயர் வைத்தார். 1967இல் கட்டுரை வெளிவந்தது. 1987இல் ழான்-மரி லேன், டொனால்டு கிராம் ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 83.

கண்டுபிடித்தபோது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். முனைவர் பட்டமும் இல்லாதவர். இன்று மீமூலக்கூறு வேதியியலில் ஆராய்ச்சி இணையர் வேண்டும் என்று எங்கு விளம்பரம் வந்தாலும் பெடர்சன் விண்ணப்பம் போட முடியாது! டூப்பானில் அவருடைய பதவியின் பெயரும் 'ஆராய்ச்சி இணையர்' என்பதுதான். ஆனால் அங்கே அக்காலத்தில் ஆய்வாளர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. அந்தப் பெயரைத்தான் இங்கே பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

டூப்பான் தருமசத்திரம் அன்று. இலாபத்துக்காக நடந்த முதலாளித்துவ நிறுவனந்தான். ஆனாலும் அடுத்த மார்ச்சில் வேலை இருக்குமா என்ற கவலை அங்கே அந்த மனிதருக்கு இல்லை. ஆகவேதான் 0.4 விழுக்காட்டைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தது என்பது நம் முடிபு. பதினெட்டு மாதத்தில் மூன்று கட்டுரை காட்டினால்தான் நீட்டிப்பு என்று இருப்பவன் அந்தப் படிகத்தைக் கழுவிக் கொட்டிவிட்டு, உறுதியாக விளையும் வேலைக்குத்தான் போவான். அவனைக் குறை சொல்ல நம்மால் முடியாது.

குறுகிய காலப் பயிற்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. லேனும் ஓராண்டு ஹார்வர்டு போய் உட்வர்டின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்தான். ஆனால் 1966இலேயே ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியப் பதவி கிடைத்துவிட்டது. வேறு வகை அனுபவத்துக்கு நம்மவரையே சொல்லலாம். சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன், வெளிமாநிலத் தமிழர் வீட்டுப் பிள்ளை. ஏல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்-டாக் முடித்த பிறகு சுமார் ஐம்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி அமையவில்லை. பின்னர் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் 1983 முதல் 1995 வரை நிலையான வேலையில் இருந்தார். ரைபோசோம் ஆய்வுக்கு வேர் அங்கே ஊன்றியது. 2009இல் வேதியியல் நோபல் வந்தது. அந்த ஐம்பது மறுப்புக்குப் பிறகு அவர் வேறு தொழிலுக்குப் போயிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. அப்படிப் போனவர்களின் கணக்கை எந்த அரசும் எடுப்பதில்லை.

ஊதியத்துக்கு வருவோம். நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் இட்ட ஆணைப்படி, அவ்வாண்டு ஜனவரி முதல் ஆராய்ச்சி இணையரின் முதல்நிலைத் தொகை திங்களுக்கு 58,000 ரூபாய். அடுத்த இரு நிலைகள் 61,000, 67,000. அதற்கு முன் 2019 முதல் 47,000. அதற்கும் முன் 36,000. இந்த உயர்வுகள் கருணையால் வரவில்லை. 2014-15இலும் 2018-19இலும் ஆய்வாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அப்படியானால் ஆராய்ச்சி இணையருக்கு முந்நூறு ரூபாய் அதிகம் என்று கேட்பவர் மயங்கலாம். பேராசிரியருக்கு அடிப்படையின்மேல் அகவிலைப்படி உண்டு. இவருக்கு வீட்டு வாடகைப்படி தவிர வேறில்லை. 2023 ஜனவரியில் நடுவணரசு ஊழியரின் அகவிலைப்படி 42 விழுக்காடு. 2025 ஜூலையில் 58 விழுக்காடு. அதே விகிதத்தில் உயர்த்தியிருந்தால் 58,000 என்பது அப்போதே 64,500ஐத் தொட்டிருக்கும். விலைவாசி ஏறும்போது பேராசிரியர் வீட்டு அரிசிக்கு ஒரு விலை, அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர் வீட்டு அரிசிக்கு வேறு விலை என்று பொவாயில் எந்தக் கடைக்காரரும் விற்பதில்லை.

அந்தத் தொகையும் நாளில் வந்தால் சரி. இன்ஸ்பயர் திட்டத்தில் உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் 2024-25இல் பல மாதங்கள் பணம் வராமல் தவித்த செய்தி நாளேடுகளில் வந்தது. கணக்கு முறையை மாற்றியதால் தாமதம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். நிலபுலம் உள்ளவர் வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் ஊரிலிருந்து பணம் வரவழைத்துக்கொள்ளும். ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய பிள்ளை என்ன செய்யும்? மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்குக் கும்பிடு போடும். தகுதி, திறமை என்று மேடையில் முழங்குகிறவர்கள், தாமதமான சம்பளம் யாரை முதலில் வடிகட்டி வெளியேற்றுகிறது என்பதை ஏன் பேசுவதில்லை?

இட ஒதுக்கீடு இங்கேதான் நழுவுகிறது. தற்காலிகப் பணியானாலும் 45 நாளுக்கு மேற்பட்டால் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு உண்டு என்று நடுவணரசே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2022 நவம்பரில் மீண்டும் நினைவூட்டியது. ஆய்வுத் திட்டத்திலோ ஒரு பேராசிரியர், ஒரு திட்டம், ஓர் இடம். ஒற்றைப் பணியிடத்தில் இட ஒதுக்கீடு செய்ய முடியாது என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது. நூறு திட்டத்தில் நூறு இணையர்கள் வேலை செய்தாலும் ஒவ்வொன்றும் ஒற்றை இடமாகவே எண்ணப்பட்டால் சுழற்சி எங்கே தொடங்கும்? ஒன்று, ஒன்று, ஒன்று என்று நூறு தடவை எண்ணுவார்கள். நூறு என்று சொல்ல மாட்டார்கள்.

மேலே போனாலும் வாசல் குறுகல்தான். ஆசிரியப் பணிகளில் ஒதுக்கீட்டை உறுதி செய்ய 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே சட்டத்தின் அட்டவணையில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. மும்பையின் ஹோமி பாபா தேசிய நிறுவனமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரின் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் அதில் உண்டு. பொவாயின் ஐ.ஐ.டி.க்கு விலக்கு இல்லை. சிறந்த நிறுவனம் என்பதே விலக்குக்குக் காரணமாம்! சிறப்புக்கும் சமூக நீதிக்கும் பகை என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றம் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். 2006இல் கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில், தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அன்று முதல் அரசு அலுவலகங்களுக்கு அது கவசமாகிவிட்டது. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பெருக்கிய பெண்களின் வழக்கில் அதே நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பைக் காட்டி உழைப்பாளரைச் சுரண்டக் கூடாது என்று கண்டித்து அவர்களை நிரந்தரமாக்க ஆணையிட்டது. அந்தப் பெண்களின் போராட்டத்தைப் போஸ்ட்-டாக் தோழர்கள் படிக்க வேண்டும். துடைப்பம் பிடித்தவர்களும் நாமும் ஒன்றா என்று நினைக்கிறவர் இருந்தால், அவருடைய நியமனக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

பேராசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்டிருக்கிறோம். மூன்றாண்டுக்குத்தான் பணம் வருகிறது, நாங்கள் எப்படி நிரந்தரம் தருவது என்கிறார்கள். தனியொரு பேராசிரியரால் முடியாதுதான். அவரைக் கேட்கவும் இல்லை. நிறுவனத்தையும் அரசையும் கேட்கிறோம். பிரான்சில் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் நிரந்தர அரசு ஊழியர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பேராசிரியர்களோடு சேர்ந்து பணி செய்கிறார்கள். இன்று ஒரு திட்டம், நாளை இன்னொன்று, ஆள் மாறுவதில்லை. திட்டம் முடிவதால் மனிதரும் முடிய வேண்டும் என்பது இயற்கை விதியா என்ன? இங்கே 2023இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டம் கொண்டுவந்து, ஐந்தாண்டில் 50,000 கோடி என்று பறைசாற்றினார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமாம். மீதியிலாவது நிரந்தர ஆய்வாளர் பணியிடம் எத்தனை என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

வெளிநாடு போய்விட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் நம் வீடுகளில் உண்டு. தாத்தா திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்தார். பேத்தி மும்பையிலிருந்து ஜெர்மனி போகிறாள். போகட்டும், கற்று வரட்டும். ஆனால் அங்கும் வேலை காலவரையுள்ளதுதான். பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு வரை ஒப்பந்தத்திலேயே வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதை எதிர்த்து 2021இல் 'நான் ஹன்னா' என்ற பெயரில் ஜெர்மன் ஆய்வாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அவர்களுக்கு வேலை போகும்; நம் பிள்ளைக்கு வேலையோடு விசாவும் போகும். இங்கே திரும்பினால் வயது முப்பத்தாறு. தேசிய முதுமுனைவர் உதவித் திட்டத்தின் வயது வரம்போ முப்பத்தைந்து. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. அதையும் தாண்டினால் கதவு மூடிவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இது. நிறுவனம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு எல்லாத் திட்டப் பணிகளையும் ஒரே பட்டியலில் எண்ணி, இட ஒதுக்கீட்டுச் சுழற்சியோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்தம் மூன்றாண்டுக்குக் குறையக் கூடாது. அகவிலைப்படி தர வேண்டும். டெல்லியிலிருந்து பணம் வரத் தாமதமானால் நிறுவனம் தன் நிதியிலிருந்து முதல் தேதியே சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளட்டும். வயது வரம்பு எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை, எடுத்துவிடலாம். இவற்றில் பல டெல்லியில் முடிவாக வேண்டியவை, நாளாகும் என்பது தெரியும். டெல்லியைக் கேளாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ஒரு மணிநேர நேர்காணலுக்காகச் சொந்தக் காசில் இரயிலேறி வந்து போக நான்கு நாள் போய்விடுகிறது. 2020இல் கொரோனாக் காலத்தில் காணொலி வழியே நேர்காணல் நடத்தத் தெரிந்த நிறுவனங்கள் அதை இப்போதும் செய்யலாம். நேரில்தான் வர வேண்டுமென்றால் தூங்கும் வகுப்புக் கட்டணத்தையாவது தரலாம்.